நெருப்பு ஏன் தோம்புக்குள் போவதில்லை?



ஒருநாள் அறிவியல் பாட வேளையில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேள்வி ஒன்றைக் கேட்டான். “ஐயா, கேஸ் அடுப்பில் எரிகின்ற நெருப்பு, ரப்பர்க் குழாய் வழியாகத் தோம்புக்குள் போய்விடாதா?” வகுப்பில் சிலர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை.

பிறகு தனியே அழைத்து விசாரித்தேன். அவனுடைய பெற்றோர் இருவரும் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். வீட்டில் பாட்டிதான் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறார். தோட்டத்து லயத்தில் நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த அந்த அம்மையார், பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்த நாள்முதல் கேஸ் அடுப்பைத் தொடுவதில்லை. அடுப்பை அணைக்கும்போது “டப்” என்றொரு சத்தம் கேட்கிறதாம். “நெருப்பு தோம்பைத் தேடிக்கொண்டு உள்ளே போகிறது” என்று சொல்லி அஞ்சுகிறாராம். ஆகையால் அதிகாலை நான்கு மணிக்கு ஆக்கிய சோற்றையே, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஆறிய நிலையில் உண்கின்றனர்.

“அப்படியெல்லாம் போகாது, பயப்பட வேண்டாம் என்று சொல்” எனக் கூறி அவனை அனுப்பிவிட்டேன். அது விடையன்று என்பது அன்று மாலையே எனக்கு உறுத்தியது. ஏன் போகாது என்று சொல்லாமல், பயப்படாதே என்று மட்டும் சொன்னால் யார்தான் பயத்தை விடுவார்? அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோம்பைப் பார்ப்போம். நம் வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் 14 கிலோ தோம்பினுள் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தி அடைக்கப்பட்டிருப்பதால் அது உள்ளே பெரும்பகுதி திரவமாகவே இருக்கிறது. தோம்பை அசைத்தால் தண்ணீர் போல் தளும்புவதை உணரலாம். அத்திரவத்துக்கு மேலே எஞ்சியுள்ள இடத்தில் வாயு நிறைந்திருக்கும். அடுப்புக்கு வருவது மேலேயுள்ள அந்த வாயுதான். அது செலவாகச் செலவாகத் திரவம் கொதித்துப் புது வாயுவைத் தந்துகொண்டே இருக்கும். நெருப்பில்லாமல் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பீர்கள். வெளிக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் சுழிக்குக் கீழே 42 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அதற்கு நமது சமையலறையின் வெப்பமே பெரிய அடுப்பு! ஒரு பங்கு திரவம் வாயுவாகும்போது ஏறக்குறைய 250 மடங்கு விரிகிறது. தோம்பை எப்போதும் நிமிர்த்தி வைக்கச் சொல்வதற்குக் காரணமும் இதுவே. படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வெளிவந்து, அடுப்பு தாங்க முடியாத அளவுக்குப் பெருகிவிடும்.

தோம்பின் தலையில் பொருத்தப்படும் ரெகுலேட்டர், உள்ளேயிருக்கும் பெரிய அழுத்தத்தை மிகவும் குறைத்து அனுப்புகிறது. எவ்வளவு குறைவு தெரியுமா? ஓரடி ஆழமுள்ள நீரின் அடியில் உறிஞ்சுகுழலை நுழைத்து ஊதிக் குமிழி விடுவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, ஏறத்தாழ அவ்வளவுதான். ரப்பர்க் குழாயில் வருவது அத்துணைச் சாதுவான வாயு.

அடுப்பின் திருகைத் திறந்ததும் அவ்வாயு ஒரு பித்தளை முனையை அடைகிறது. அம்முனையில் ஒரு மில்லிமீட்டர் கூட அகலமில்லாத துளை ஒன்று உண்டு. அச்சிறு துளையின் வழியே வாயு, நெடுஞ்சாலையில் ஓடும் காரினும் விரைவாகப் பீய்ச்சி அடிக்கிறது. லாரி ஒன்று விரைந்து செல்கையில், சாலையோரச் சருகுகள் அதன் பின்னே இழுபட்டு ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல், பாய்ந்து வரும் வாயு தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு எதிரேயுள்ள கலவைக் குழலுக்குள் நுழைகிறது. விசிறியும் இல்லை, துருத்தியும் இல்லை. அடுப்பு தானே மூச்சை இழுத்துக்கொள்கிறது! அடுப்பின் அடிப்பகுதியைப் பார்த்தால், பித்தளை முனைக்கு அருகில் காற்று புகுவதற்கான திறப்பைக் காணலாம்.

காற்றை முன்னரே கலந்து எரிக்கும் இம்முறையை ஆய்வுக்கூடங்களில் புகழ்பெறச் செய்தவர் செருமானிய அறிஞர் இராபர்ட் புன்சன். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த பீட்டர் டெசாகா என்பவரின் துணையோடு 1855ஆம் ஆண்டில் அவர் அமைத்த விளக்கைத்தான், நீங்கள் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் ஆய்வுக்கூடத்தில் காணப் போகிறீர்கள்.

ஒரு பங்கு சமையல் வாயு முற்றிலும் எரிவதற்கு 24 முதல் 31 பங்கு வரை காற்று வேண்டும். அதில் ஏறக்குறைய பாதியைக் கலவைக் குழல் இழுத்துக்கொள்கிறது. மீதியை, அடுப்பின் தலையிலுள்ள துளைகளில் எரியும்போது சுடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து பெறுகிறது. போதிய காற்று கிடைத்தால் சுடர் நீலமாக இருக்கும். காற்றுத் திறப்பில் சிலந்தி கூடு கட்டினாலோ, எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தாலோ சுடர் மஞ்சளாகிச் சோம்பலாய் ஆடும். எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதே அந்த மஞ்சள் நிறம். பானையின் அடியைக் கருக்குவதும் அவையே. அத்தோடு, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகக் கூடும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. சோற்றுக் கஞ்சி பொங்கி வழியும்போது தோன்றும் மஞ்சள் வேறு. அது உப்பின் வேலை, நொடியில் மறைந்துவிடும். நாள்தோறும் மஞ்சளாகவே எரிந்தால் அடுப்பைத் துப்புரவு செய்யச் சொல்லுங்கள்.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். நெருப்பும் ஒருவகையில் நடக்கக் கூடியதுதான். காற்றும் வாயுவும் கலந்த இடத்தில் அது கலவையைப் பற்றிக்கொண்டே முன்னேறும். அசைவற்ற கலவையில் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அடுப்பின் துளைகளிலிருந்து வரும் கலவையோ அதைவிட விரைவாக வெளிவருகிறது. ஆற்று வெள்ளத்தை எதிர்த்து நீந்த முடியாதவன் கரையோரமாக நின்றுவிடுவது போல், நெருப்பும் துளையின் வாயிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது தடை, துளைகளின் சிறுமை. குறுகிய துளையில் நெருப்பு நுழைய முயன்றால், சுற்றியுள்ள உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சி அதைத் தளரச் செய்துவிடும். இங்கிலாந்து அறிஞர் ஹம்பிரி டேவி 1815ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் செய்த விளக்கு இந்த உண்மையைக் கொண்டே அமைந்தது. விளக்கின் சுடரைச் சுற்றி அவர் மெல்லிய கம்பி வலையைப் பொருத்தினார். சுரங்க வாயு வலைக்குள் புகுந்து எரிந்தாலும், நெருப்பு வலையைத் தாண்டி வெளியே வரவில்லை. ஆசிரியர் உடனிருக்கும்போது, எஃகுத் தேநீர் வடிகட்டி ஒன்றை மெழுகுவத்திச் சுடரின் மீது சற்றே தாழ்த்திப் பாருங்கள். சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும். புகை மட்டும் மேலே போகும்.

அப்படியானால் “டப்” என்னும் அந்தச் சத்தம்? பாட்டி கேட்டது பொய்யன்று. திருகை மூடும்போது கலவையின் வேகம் குறைகிறது. வெள்ளம் வடிந்ததும் நீந்துபவன் முன்னேறுவது போல், நெருப்பு சில வேளைகளில் துளையைக் கடந்து கலவைக் குழலுக்குள் புகுந்துவிடுகிறது. அங்கே மிஞ்சியுள்ள கலவை சட்டென்று எரிந்து தீர்வதுதான் அச்சத்தம். ஆனால் பித்தளை முனைக்கு அப்பால் அதனால் ஓரங்குலமும் செல்ல முடியாது. ஏனெனில் அங்கே காற்று இல்லை. வாயு தனியாக எரியாது. கலவையின் 100 பங்கில் வாயு ஏறக்குறைய 2 பங்கு முதல் 9 பங்கு வரை இருந்தால் மட்டுமே தீப்பற்றும். ரப்பர்க் குழாயிலும் தோம்பிலும் நிறைந்திருப்பது வெறும் வாயு. தோம்பின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட மிகுதியாக இருப்பதால், வெளிக் காற்று உள்ளே நுழையவும் இயலாது. பாட்டி எதை எண்ணி அஞ்சினாரோ, அந்த இடத்திலேதான் நெருப்புக்கு உணவு பாதியே இருக்கிறது!

தோம்பு எந்நாளும் வெடிக்காது என்று இதற்குப் பொருளன்று. வீடே தீப்பற்றி, வெளியிலிருந்து தோம்பு மிகையாகச் சூடேறினால் ஆபத்து உண்டு. ஆனால் நாம் அன்றாடம் அஞ்ச வேண்டியது தோம்புக்கு உள்ளே அன்று, வெளியே; அதுவும் காலடியில். சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வெடித்துப்போன ரப்பர்க் குழாயிலிருந்து கசிந்தால், அது தரையில் படர்ந்து மூலைகளிலும் அலமாரிக்கு அடியிலும் தங்கி, அங்கே காற்றோடு கலக்கும்.

இவ்வாயுவுக்கு இயற்கையில் நமக்குத் தெரியும்படியான மணமே இல்லை. அழுகிய முட்டைக்கோசு போன்ற அந்த நாற்றம், வேண்டுமென்றே சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளுடையது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளியில் 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், மணமற்ற இயற்கை வாயு கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கியிருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. மின்கருவி ஒன்றின் பொறி பட்டதும் பள்ளியே தகர்ந்து, மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அம்மாநிலம் சட்டமியற்றியது. நம்மை முகஞ்சுளிக்க வைக்கும் அந்த நாற்றத்துக்குப் பின்னால் அக்குழந்தைகள் இருக்கின்றனர்.

ஆகவே வீட்டில் அந்நாற்றம் எழுந்தால், மின்விளக்கையோ விசிறியையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஒரு சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அனைவரும் வெளியேறிப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். தொலைபேசியையும் வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போனவர்கள், அங்கே பல வீடுகளில் தோம்பே இல்லாமல் குழாய் வழியாக வாயு வருவதைப் பார்த்திருக்கலாம். அவ்வாயுவில் ஹைட்ரஜன் மிகுதி. ஹைட்ரஜன் சுடரின் வேகம் நமது தோம்பு வாயுச் சுடரினும் பல மடங்கு. ஆதலால் அங்குள்ள அடுப்பின் முனையும் துளைகளும் வேறு அளவின. ஒன்றுக்குரிய அடுப்பை மற்றொன்றில் பொருத்தலாகாது.

அம்மாணவன் இவற்றையெல்லாம் பாட்டிக்குச் சொன்னானாம். வடிகட்டியையும் மெழுகுவத்தியையும் என்னிடம் கேட்டு வாங்கிப்போய், தன் தாயார் உடனிருக்கச் செய்தும் காட்டினானாம். இரண்டு வாரங்கள் கழித்து அவன் மீண்டும் என்னிடம் வந்தான். பாட்டி இப்போது மதியம் ரசம் சூடு பண்ணித் தருகிறாராம். ஆனால் புதிதாக ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறாராம்: “தீபாவளிக்கு நெடுநேரம் பலகாரம் சுட்டபோது, தோம்பின் அடிப்பாதி மட்டும் வியர்த்து நனைந்திருந்ததே, ஏன்?”

திரவம் வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் தோம்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீர்த்துளியாகப் படிகிறது. நனைந்த பகுதி எங்கே முடிகிறதோ, அதுவரைதான் உள்ளே திரவம் மீதமிருக்கிறது. தோம்பைத் தூக்கிப் பாராமலேயே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பாட்டி இனிச் சொல்லிவிடலாம்.