மனை வாங்குமுன் வானத்திலிருந்து ஒரு பார்வை

மனையைப் பார்க்கப் போனால், அங்கேயே நின்று கைப்பேசியின் கூகுள் மேப்ஸில் உங்கள் இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் அந்த எண்களை இடுங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாகப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது, இலவசம்தான். மனையில் முன்பு தண்ணீர் நின்றதா என்று அவற்றில் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதியைக் கவனிப்பது மிக முக்கியம். மே மாதத்தில் எடுத்த படத்தில் ஏரிகூடக் கட்டாந்தரையாகத் தெரியும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்து மேகம் விலகிய ஜனவரி, பிப்ரவரிப் படங்களே உண்மையைச் சொல்லும். சென்னைப் பக்கம் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தை ஒட்டிய படங்கள் கிடைக்கின்றனவா என்று கட்டாயம் தேடுங்கள். மனையோடு நிற்காமல் சுற்றுப்புறத்தையும் பாருங்கள். எங்கிருந்தோ வரும் வாய்க்கால் மனைப்பிரிவின் வேலியோடு காணாமல் போனால், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும். அப்படிப்பட்ட மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

எல்லையை மட்டும் கைப்பேசியால் அளக்காதீர்கள். திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர், அதாவது 16 அடி விலகலாம். 30 அடி அகல மனையில் அது பாதிக்கு மேல். அதற்கு நில அளவையர்தான் வர வேண்டும்.

சர்வே எண்ணை வைத்து அரசின் இணையச் சேவையில், நிலம் எந்த வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.