நம்ம சீமையில் விதைக்கப்பட்டவர்கள்

(வேதபாடம்)

வாசிக்க: ஆதியாகமம் 23, மத்தேயு 23:29-31, யோவான் 12:24



இந்த மாதம் கல்லறைகளைப் பற்றி ஒரு பாடம் படிக்கப் போகிறோம். தலைப்பைச் சொன்னவுடனே நம் வாலிபத் தம்பி ஒருவர் கேட்டார்: “பாஸ்டர், நாம கல்லறைத் திருநாளே ஆசரிக்கிறதில்லையே. செத்துப் போனவங்க கல்லறையப் பாத்து நமக்கு என்ன ஆகப் போகுது?”

நல்ல கேள்வி. நாம் மரித்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறதில்லை. அவர்களிடம் வேண்டிக்கொள்ளுகிறதும் இல்லை. அதில் மாற்றம் கிடையாது. ஆனால் வேதபுஸ்தகத்தைத் திறந்து பாருங்க. சாராளை எங்கே அடக்கம் பண்ணினார்கள், ராகேலை எந்த வழியிலே அடக்கம் பண்ணினார்கள், யோசேப்பின் எலும்புகளை எகிப்திலிருந்து எடுத்து வந்து எங்கே வைத்தார்கள் என்று எல்லாவற்றையும் பரிசுத்த ஆவியானவர் எழுதி வைத்திருக்கிறார். வணங்குவதற்காக அல்ல, மறந்து போகாமல் இருப்பதற்காக. யோசுவாவின் நாட்களைக் கண்டவர்கள் மரித்த பின்பு, கர்த்தரையும் அவர் செய்த கிரியையையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று என்று நியாயாதிபதிகள் 2-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பாகால் பின்னாலே ஜனங்கள் போனது அதற்குப் பிறகுதான்!

இன்னொரு எச்சரிப்பும் உண்டு. தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைச் சிங்காரித்துவிட்டு, அவர்கள் சொன்னதை விட்டுவிட்ட பரிசேயரை ஆண்டவர் கடிந்துகொண்டார். ஆகவே பாதையின் இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பக்கம் கல்லறையைக் கும்பிடுவது. மறுபக்கம் அடியோடு மறந்து போவது. நாம் நடுவழியே நடப்போம்.

ஆபிரகாம் கேட்ட நிலம்

ஆதியாகமம் 23-ம் அதிகாரத்தைக் கவனியுங்கள். தேசம் முழுவதையும் தருவேன் என்று கர்த்தர் ஆபிரகாமுக்கு வாக்குப் பண்ணியிருந்தார். ஆனாலும் சாராள் மரித்தபோது, அடக்கம் பண்ண ஆறடி நிலம் அவருக்குச் சொந்தமாக இல்லை. ஏத்தின் புத்திரர் முன்பாக நின்று, தாம் அந்நியனும் பரதேசியும் என்று சொல்லி இடம் கேட்டார். எப்பெரோன் சும்மா தருகிறேன் என்றான். ஆபிரகாமோ நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, ஊரார் சாட்சியாக மக்பேலா நிலத்தை வாங்கினார். வாக்குத்தத்த தேசத்திலே அவர் கைக்கு வந்த முதல் சொந்த நிலம் ஒரு கல்லறை நிலம்!

இந்த வேதபகுதியின் வலி நம்மில் சிலருக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கிராமத்தில் நம் சபைத் தாயார் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஊர்ச் சுடுகாட்டிலே, “நீங்கதான் வேற மதத்துக்குப் போயிட்டீங்களே” என்றார்கள். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்திலே, “நீங்க எங்க சபை இல்லையே” என்றார்கள். பெட்டியை வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை நின்றோம். அன்றைக்கு ஆபிரகாம் நின்ற நிலை எனக்கு விளங்கிற்று.

அதனால்தான் சொல்லுகிறேன், ஒரு கல்லறை சின்னக் காரியம் அல்ல. “நான் இந்த ஊரைச் சேர்ந்தவன், இங்கேதான் உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கிறேன்” என்று அது சாட்சி சொல்லுகிறது. அப்படிச் சாட்சி சொல்லுகிற சிலரை நம் சீமையிலேயே பார்ப்போம்.

1. சிவகாசியில்: கூடாரத்தில் வாழ்ந்தவர்

நம் சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் வழியாகப் பஸ் ஏறினால் சிவகாசி. இன்றைக்கு பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும் வரை அதுவும் திருநெல்வேலிச் சீமைதான். அங்கேதான் தாமஸ் ராக்லண்டு ஐயர் 1858 அக்டோபர் 22-ல் மரித்து அடக்கம் பண்ணப்பட்டார். அப்போது வயது 43.

இவர் யார்? 1841-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையில் நான்காம் இடத்தில் தேறியவர். அங்கேயே உத்தியோகமும் மரியாதையுமாய் இருந்திருக்கலாம். 1846-ல் சென்னைக்கு வந்து, சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராக வேலை பார்த்தார். அந்த நாற்காலியையும் விட்டுவிட்டு, 1854-ல் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு உடன் ஊழியரோடு வட திருநெல்வேலிக்கு வந்தார். பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார்கள். தெற்கே இருந்த சபைகளின் உபதேசிமார் மாத முறை வைத்து அவர்களோடு வந்து நின்றார்கள்; அவர்கள் செலவைத் தென்பக்கத்து ஏழைக் கிறிஸ்தவர்களே தாங்கினார்கள்.

நாலரை வருஷம்! அதற்குள் நுரையீரலில் இரத்தக்குழாய் வெடித்து மரித்தார். கணக்குப் பார்த்தால் அவர் கண்ட அறுவடை கொஞ்சம்தான். ஆனால் கோதுமைமணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் பலன் உண்டு என்று ஆண்டவர் சொன்னதையே அவர் தம் ஊழியத் திட்டமாக வைத்திருந்தார். கணிதத்தில் தேறினவர் போட்ட கணக்கு அது! கரிசல் காட்டிலே எத்தனை சபைகள் பின்னாலே எழும்பின என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

2. பாளையங்கோட்டையில்: தள்ளப்பட்டும் திரும்பிப் போகாதவர்

பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் ரேனியஸ் ஐயரின் கல்லறை இருக்கிறது. பிரஷ்ய தேசத்தில் 1790-ல் பிறந்து, 1814-ல் சென்னைக்கும் 1820-ல் பாளையங்கோட்டைக்கும் வந்தவர். தமிழைத் தாய்மொழிபோலப் பழகி, 1834-ல் தமிழ் இலக்கணமே எழுதி வெளியிட்டார். புதிதாக இரட்சிக்கப்பட்டவர்கள் துன்பப்படுத்தப்பட்டபோது, நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். டோனாவூரும் அவர் நாளில் உண்டானதுதான். பணம் அனுப்பி உதவிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பேரால் அந்தப் பெயர் வந்தது.

சபை ஒழுங்குகளைப் பற்றி அவருக்கும் அவரை அனுப்பின சங்கத்துக்கும் கருத்து வேற்றுமை முற்றி, 1835-ல் தொடர்பு அறுந்தது. கப்பல் ஏறித் தம் தேசத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஜனங்களை விட மனமில்லாமல் இங்கேயே ஊழியம் செய்து, 1838 ஜூன் 5-ல், 47 வயதில், பாளையங்கோட்டையிலேயே மரித்தார்.

தேவபிள்ளையே, ஒரு ஸ்தாபனம் உன்னைத் தள்ளினால் நீ என்ன செய்வாய்? ஊழியத்தையே விட்டுவிடுவாயா? இந்தக் கல்லறை அதைத்தான் கேட்கிறது.

3. கிறிஸ்தியான்பேட்டையில்: எழுப்புதலின் தமிழ்ப் பாத்திரம்

ரேனியஸ் நடத்திய பள்ளியில் படித்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், 1810-ல் பிறந்தவர். விசுவாச ஊழியரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு பழகி, வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளத்தை நம்பாமல் கர்த்தரையே நம்பி ஊழியம் செய்யத் துணிந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம், கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார்.

1860-ல் அங்கே எழுப்புதல் பற்றிக்கொண்டது! ஜனங்கள் பாவத்தை உணர்ந்து கதறினார்கள்; அந்நிய பாஷைகளும், தரிசனங்களும், தீர்க்கதரிசனமும் வெளிப்பட்டன; படிப்பில்லாத ஸ்திரீகளும் புருஷரும் கிராமம் கிராமமாகச் சாட்சி சொல்லப் புறப்பட்டார்கள். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் 1906-ல். அதற்கு 46 வருஷத்துக்கு முன்னே இந்த மேற்குமலை அடிவாரத்தில் அக்கினி இறங்கியிருக்கிறது! பெந்தெகொஸ்தே அனுபவம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், அருளப்பன் பெயரைச் சொல்லுங்கள். அவர் 1867-ல் மரித்தார். அவர் உண்டாக்கிய பேட்டையே அவருக்கு ஞாபகக் கல்.

4. இடையன்குடியில்: மலையிலிருந்து மணலுக்கு

கால்டுவெல் ஐயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1856-ல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் உலகம் அவரை அறிந்தது. அயர்லாந்தில் 1814-ல் பிறந்தவர். 1838-ல் சென்னையில் இறங்கி, பிறகு கால்நடையாகவே இந்தச் சீமைக்கு வந்து, 1841-ல் இடையன்குடியில் குடியேறினார். பனையும் தேரி மணலுமான ஊர். அங்கே ஆலயம் கட்டி முடிக்க 33 வருஷம் பிடித்தது. 1880-ல் பிரதிஷ்டை ஆயிற்று. 1891 ஆகஸ்டு 28-ல் அவர் மரித்தது குளிர்ந்த கொடைக்கானல் மலையில். ஆனால் சரீரத்தை இடையன்குடிக்குக் கொண்டு வந்து அந்த ஆலயத்துக்குள்ளே அடக்கம் பண்ணினார்கள். பாடுபட்ட மணலிலேயே படுத்திருக்கிறார்.

அவர் மனைவி எலைசா அம்மையாரையும் மறக்கக் கூடாது. நாகர்கோவில் மிஷனெரி மால்ட் ஐயரின் மகள். தமிழை நம்மைப்போலவே பேசினவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். அந்தக் கைத்தொழிலால் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது.

5. டோனாவூரில்: கல்லே இல்லாத கல்லறை

டோனாவூரிலே ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951 ஜனவரி 18-ல் மரிக்கும் வரை 55 வருஷம் ஒருதரமாவது தாய்நாட்டுக்கு விடுமுறையில் போகவில்லை. கோவில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண்பிள்ளைகளை 1901 முதல் சேர்த்து வளர்த்தார். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, கடைசி இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். தம் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடித்துக் குளிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அம்மா என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள். வெயில் காயும் ஊரிலே, குருவிக்குத் தண்ணீர் தருகிற கல்லறை!

அவரோடு உழைத்த பொன்னம்மாள் என்ற தமிழ்ச் சகோதரி, புற்றுநோயால் வருந்தி 1915-ல் மரித்தார். அவருடைய சரித்திரத்தை ஏமி அம்மையாரே புஸ்தகமாக எழுதினார். ராக்லண்டின் சரித்திரத்தையும் எழுதினவர் அவரே. ஒரு விதை இன்னொரு விதையை நினைத்தது!

6. எங்கேயும் இல்லாத கல்லறை

கன்னியாகுமரிப் பக்கம் மயிலாடியில் 1806 முதல் ஊழியம் செய்த ரிங்கல்தௌபே ஐயர், 1816-ல் சரீர பெலவீனத்தோடு புறப்பட்டுப் போனார். அதன்பின் என்ன ஆனார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்குக் கல்லறை கிடையாது. மோசேயின் பிரேதக்குழியையும் ஒருவரும் அறியார்கள். அடக்கம் பண்ணின கர்த்தருக்குத் தெரியும். நம்ம ஊர்களிலே வெயிலில் நடந்த உபதேசிமார், ஓலைப்பாயில் உட்கார்ந்து ஜெபித்த வேதாகம ஸ்திரீகள் எத்தனை பேர்! மண்மேடு கரைந்து போயிற்று. பெயர் பரலோகத்தில் கரையவில்லை.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, உங்கள் ஊருக்கு முதன்முதல் சுவிசேஷம் கொண்டு வந்தவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு, பெயரையும் வருஷத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாட்டிமார் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.

இரண்டாவது, எந்தச் சபையின் கல்லறைத் தோட்டமானாலும் சரி, முட்செடி மண்டிக் கிடந்தால் அனுமதி கேட்டு, வாலிபர் ஒரு சனிக்கிழமை அரிவாள் எடுத்துப் போங்கள். “இது அவங்க சபை” என்று சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த ஊர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. எக்காளம் தொனிக்கும் நாளில் எந்தப் பக்கம் முதலில் எழும்பும்? நம் சபையில் அந்தப் புளித்தமா நுழையவே கூடாது.

நான்காவது, அடக்க நிலம் இல்லாத நம் கிராமச் சபைகள் சாவு விழுந்த பிறகு ஓட வேண்டாம். ஆபிரகாமைப்போல் ஊரார் அறிய, கிரயம் கொடுத்து, ஊராட்சியின் அனுமதியோடு முன்கூட்டியே ஒழுங்கு செய்வோம். சண்டை போட்டு வாங்குகிற இடம் சாட்சியாகாது.

குடும்ப ஜெபத்தில் தியானிக்க:

- ஆபிரகாம் ஏன் நிலத்தை இலவசமாக வாங்கிக்கொள்ளவில்லை?
- ராக்லண்டு, ரேனியஸ் இருவரும் திரும்பிப் போயிருந்தால் நம் சீமை எதை இழந்திருக்கும்?
- நான் மரித்த பிறகு என் தெருவார் என்னைப் பற்றி ஒரே சொல் எழுத வேண்டுமானால், எதை எழுதுவார்கள்?

பிரியமானவர்களே, இவர்கள் எல்லாரும் கல்லறை கேட்டு வந்தவர்கள் அல்ல. ஆத்துமாக்களைக் கேட்டு வந்தார்கள், கல்லறையும் கிடைத்தது. நாமும் உயிரோடிருக்கும்போதே விதைக்கப்படுவோமாக. கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. மாரநாதா! ஆமென்.