தங்கையின் கைக்கு ஏற்ற கைபேசி

கீழ்பென்னாத்தூர்

சிரஞ்சீவி மருமானுக்கு மாமா எழுதிக்கொண்டது.  

உன் தாயாருக்குக் கைபேசி ஒன்று வாங்கித்தர உத்தேசித்திருப்பதையும், 2023-இல் 2,599 ரூபாய்க்கு வெளிவந்த ஜியோபோன் ப்ரைமா என்னும் பட்டன் போனா, மறு வருஷம் 7,299 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ3 என்னும் டச் போனா என்று முடிவுக்கு வர இயலாமல் என்னைக் கேட்டிருப்பதையும் உன் கடிதத்தால் அறிந்தேன். ஒன்று கைஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுவது, மற்றொன்று ஆண்ட்ராய்டில் ஓடுவது என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய். ஆனால் எழுதிவிட்டு, கேமரா எத்தனை, நினைவகம் எத்தனை என்று விவரப் பட்டியலுக்குள் போய்விட்டாய். வயதில் மூத்த எனக்கு அந்தப் பட்டியலைவிட இயங்குதளமே பெரிதாகப் படுகிறது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பட்டன் போனின் பக்ஷத்தில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டணத்தில் இருக்கும் உனக்கு அது கண்ணில் படாது. விதைக்கு மல்லாட்டை உடைக்கும் நாட்களில் உன் தாயாரின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்தாயானால், நுனித் தோல் காய்த்து, வெடித்து, மரத்துக் கிடக்கும். கண்ணாடித் திரை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. தோலின் வழியாக நேரும் நுண்ணிய மின்மாறுதலையே உணர்கிறது. ஆகையால் காய்ந்து தடித்த விரலையும் ஈர விரலையும் அது பல சமயம் கண்டுகொள்வதே இல்லை. சென்ற அறுவடையில் பக்கத்து வீட்டுப் பையனின் போனை வாங்கி உன் தாயார் பச்சை வட்டத்தை மூன்று தரம் தேய்த்தும் அழைப்பை எடுக்க முடியாமல், கடைசியில் அந்தப் பையனையே கூப்பிட வேண்டியதாயிற்று. பட்டன் என்றால் அந்தச் சிரமம் இல்லை. அழுத்தினோம் என்று விரலுக்கே தெரியும்.

அப்படியிருந்தும் ப்ரைமாவை வாங்காதே என்றுதான் சொல்கிறேன். அது ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும் என்பது ஒரு காரணம். உன் தாயாரின் எண் வேறு நிறுவனத்தினது. மகளிர் உரிமைத் தொகை வங்கியில் விழுந்த குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டு, வாஸ்தவந்தான். ஒரு கருவிக்காக அந்த அலைச்சல் எதற்கு?

பெரிய காரணம் வேறு. மலிவான கைபேசியில் ஆண்ட்ராய்டுக்கு மாற்றாக இந்நாட்டில் புகுந்த இயங்குதளங்களின் சரித்திரத்தை நீ சற்றே திரும்பிப் பார். 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற கைபேசியை 1,999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸில் ஓடிய அது, இந்தியோடு தமிழையும் தாங்கி வந்தது என்பதற்காகவே நான் அதன்மேல் ஒரு பிரியம் கொண்டிருந்தேன். மறு வருஷம் முடிவதற்குள் கைபேசிகளில் அந்த இயங்குதளத்தைத் தருவதை நிறுத்துவதாக மொஸில்லா அறிவித்துவிட்டது. 2015 ஜனவரியில் சாம்சங் தன் சொந்த டைசன் இயங்குதளத்தோடு இசட்1 என்ற கைபேசியை 5,700 ரூபாய்க்கு இந்தியாவில் இறக்கியது. அந்த வரிசையும் 2017-உடன் நின்றுவிட்டது. நம்மூரில்கூடப் பலர் கையில் மஞ்சளும் சிவப்புமாக மின்னிய விண்டோஸ் போனான நோக்கியா லூமியா 520, குறைந்த நினைவகத்திலும் தடங்கலின்றி ஓடிய நேர்த்தியான கருவி. ஆனால் விண்டோஸ் போன்களில் வாட்ஸ்அப் 2019 டிசம்பரோடு நின்றபின் அவற்றை வைத்திருந்தவர்களுக்கு நேர்த்தி என்ன பிரயோஜனம் தந்தது?

ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் வித்திலிருந்து முளைத்ததுதான் கைஓஎஸ். 2017-இல் ஜியோபோன் மூலம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. 2018-இல் கூகிள் அதில் 2.2 கோடி டாலர் முதலீடு செய்தது. அவ்வருஷம் செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் வந்து சேர்ந்தது. இம்முறை நிலைத்துவிடும் என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் 2024 ஜூனில் புதியவர்களுக்கு அந்தச் செயலி கிடைக்காமற் போயிற்று. ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025 தொடக்கம் வரைதான் தவணை. வாட்ஸ்அப் உண்டு என்ற விளம்பரத்தை நம்பி 2023-இல் ப்ரைமாவை வாங்கியவர்களுக்கு அது ஒன்றரை வருஷங்கூட முழுதாக நிலைக்கவில்லை. கருவி பழுதாகவில்லை, பேட்டரி செத்துப்போகவில்லை. அதற்காகச் செயலி எழுதியவர்கள் எழுதுவதை விட்டுவிட்டார்கள், அவ்வளவே. வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவனுக்கு இது பொருட்டில்லை. ஒரு போனை ஐந்தாறு வருஷம் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, இயங்குதளத்தின் ஆயுள்தான் போனின் ஆயுள்.

ஆண்ட்ராய்டு உத்தமம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதே. மலிவு விலைக் கருவிகளில் சில வருஷங்களிலேயே தயாரிப்பாளர்கள் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். இடம் நிரம்பினால் மூச்சு வாங்கும். கேட்காமலே விளம்பரம் எட்டிப்பார்க்கும். ஆனால் இந்நாட்டில் பத்து டச் போன்களில் ஒன்பதுக்கு மேல் அதுவாகவே இருப்பதால், வங்கியானாலும் அரசாங்கமானாலும் அதற்கு எழுதாமல் இருக்கத் துணியமாட்டார்கள். கூட்டத்தோடு போவது எனக்கு உவப்பானதன்று என்பது உனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் கூட்டத்தோடுதான் போகவேண்டியிருக்கிறது. மேலும், பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் உன் தாயார் ஆசைப்படுகிறாள். அதற்கு 2.4 அங்குலத் திரை எங்கே, 6.71 அங்குலத் திரை எங்கே!

ஆகவே ரெட்மியை, அல்லது அந்த விலையில் அதற்குப் பின் வந்த ஏதேனும் ஓர் ஆண்ட்ராய்டை வாங்கு. வாங்குமுன் அமைப்புகளுக்குள் போய்ப் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பார். அது ஒரு வருஷத்துக்கு மேல் பழையதாயிருந்தால் கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அவள் இப்போது வைத்திருக்கும் பழைய பட்டன் போனைத் தூக்கிப் போடாதே. வங்கியோடு இணைந்த எண் அதிலேயே இருக்கட்டும். புதியதற்கு வேறு சிம் வாங்கிப் போடு. கடன் தருகிறோம் என்று வரும் செயலிகள் ஏதாவது தவறி உள்ளே நுழைந்தாலும் வங்கியின் ஓடிபி அவற்றின் கண்ணில் படாது. காய்த்த விரலுக்குப் பட்டனும் கைவிட்டுப் போகாது. இரண்டு ரீசார்ஜ் ஆகுமே என்று அவள் கணக்குப் பார்ப்பாள். அந்தச் செலவு உன்னுடையது என்று முன்னதாகவே சொல்லிவிடு.

மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, உன் படத்தைத் தொட்டாலே உனக்கு அழைப்பு வரும்படி முகப்பில் வைத்து எடுத்து வா. தீபத்துக்கு வருகிறவன், கூட்டத்துக்குப் பயந்து திருவண்ணாமலையோடு திரும்பிவிடாமல் செஞ்சி பஸ் ஏறி இங்கே இரண்டு நாள் தங்கு. அழைப்பை எடுப்பதையும் வைப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து நீதான் அவளுக்குக் காட்டவேண்டும், என்னிடம் கற்றுக்கொள்ள அவளுக்குப் பொறுமை கிடையாது. பில்லை அவள் பெயரிலேயே போட்டு வாங்கிக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமா