பாடம் 9: ஓர் ஆண்டு, ஒரே ஊர்

"நீங்க எந்த ஊர்?"

இரண்டு தமிழர்கள் புதிதாகச் சந்தித்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். லண்டன், டொராண்டோ, சிட்னி என்று சொன்னால் விடமாட்டார்கள். "அது சரி, சொந்த ஊர் எது?" என்று மறுபடியும் கேட்பார்கள்.

நீங்களும் ஒரு பெயர் சொல்வீர்கள். ஆனால், அந்த ஊர் மண் என்ன நிறம்? அங்கே எப்போது மழை வரும்? மக்கள் என்ன வேலை செய்கிறார்கள்? விடுமுறையில் இரண்டு வாரம் போய் வந்தால் இவை எல்லாம் தெரிந்துவிடாது. அந்த ஊரைப் பற்றிய கதைகள் இவற்றைச் சொல்லும்.

ஆகவே, மாணவர்களே, இந்த ஆண்டு உங்களுக்கு ஒரு வாசிப்புச் சவால்!

சவாலின் விதிகள்

1. உங்கள் சொந்த ஊரிலோ அதைச் சுற்றியுள்ள பகுதியிலோ நடக்கும் கதைகளைத் தேடுங்கள்.
2. மாதம் ஒன்று படியுங்கள். சிறுகதையும் நாட்டுப்புறக் கதையும் கணக்கில் சேரும். பெரிய நாவலுக்கு மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளலாம்.
3. படிக்கக் கடினமா? வீட்டில் பெரியவர்களைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் வாசிப்புதான்.
4. ஒவ்வொரு கதையிலிருந்தும் ஒரு சொல்லை எடுங்கள். அதைப் பற்றி அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள்.

நான்காவது விதியை மறக்கவே கூடாது. ஏன் தெரியுமா?

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவு இருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து படகில்தான் அங்கே போக வேண்டும். செங்கை ஆழியான் எழுதிய 'வாடைக்காற்று' நாவல் அந்தத் தீவில் நடக்கிறது. வாடைக்காலத்தில் மீன் பிடிக்க வெளியூரிலிருந்து வருபவர்களின் கதை அது. நீங்கள் அதைப் படித்துவிட்டு அம்மம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினால், பேச்சு இப்படிப் போகலாம்:

"அம்மம்மா, வாடைக்காத்து எண்டா என்ன?"

"அது மாரியில வடக்குப் பக்கமா இருந்து வாற குளிர்காத்து, பிள்ளை. பலமா அடிச்சா வள்ளம் ஓடாது. வள்ளம் ஓடாட்டி வாத்தியார் வரமாட்டார். எங்களுக்குக் கொண்டாட்டம்தான்!"

பார்த்தீர்களா? வாத்தியார் வராத கதை புத்தகத்தில் இல்லை. நீங்கள் ஒரு சொல்லைக் கேட்டதால் அது வெளியே வந்தது.

உங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கமா? ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்ற நாவலில் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் உப்பளங்களுக்கு நேரில் போய், அங்கு வேலை செய்பவர்களைப் பார்த்துப் பேசி எழுதினார். அதைப் படித்தபின், சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்பைப் பார்த்தால் வெயிலில் நிற்கும் மனிதர்களும் நினைவுக்கு வருவார்கள்.

தாத்தா பாட்டி மலேசியாவிலிருந்து வந்தவர்களா? அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' அங்குள்ள ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களின் கதை. ஆம், சொந்த ஊர் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோதான் இருக்க வேண்டும் என்று இல்லை.

கரிசல் காட்டைச் சேர்ந்தவர்கள் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலைத் தேடலாம். 1976ஆம் ஆண்டு வந்த புத்தகம் இது. தெலுங்கு பேசும் மக்கள் வடக்கிலிருந்து நெடுந்தூரம் வந்து, காட்டைத் திருத்தி, ஒரு ஊரை உருவாக்குகிறார்கள். அந்தப் பயணத்தை மிகவும் வயதான ஒரு பாட்டி சொல்கிறார். அவர் சொன்னதால்தான் இளையவர்களுக்கு அது தெரிகிறது.

இப்போது யோசியுங்கள். "எங்க ஊரு" என்று அவர்கள் சொல்லும் இடத்துக்கும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்கள்தாம் அவர்கள். உங்கள் குடும்பமும் ஒரு பயணம் செய்து வந்ததுதானே? அந்தக் கதையை உங்கள் வீட்டில் யார் சொல்வார்?

புத்தகம் அடுத்த ஆண்டும் நூலகத்தில் இருக்கும். ஆனால் தாத்தா, பாட்டி, அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்க வேண்டியதை இந்த ஆண்டே கேட்டுவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

சொற்களை அறிவோம்

வாடை – வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று
மாரி – மழைக்காலம்
வள்ளம் – சிறிய படகு
உப்பளம் – கடல்நீரை வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கும் இடம்
கரிசல் – கறுப்பு நிற மண்

பயிற்சி

1. "எண்டா", "வாற", "காத்து" ஆகியவை பேச்சுச் சொற்கள். இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
2. "என்றால்" என்பதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்? எண்டா? என்னா? -ன்னா? கேட்டு எழுதுங்கள்.
3. உங்கள் சொந்த ஊரைப் பற்றிய கதை ஒன்றின் பெயரைப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள். அதுவே உங்கள் முதல் மாதப் புத்தகம்!
4. ஒரு பெரியவரிடம் ஊர்ச் சொல் ஒன்றைக் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் பேசியபடியே ஐந்து வரிகளில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.