வீட்டுக்கு வந்தது குற்றமில்லை

அன்புள்ள மக்கா,

பெங்களூரிலிருந்து வந்த நாள் முதல் நீ கருங்கல் ஜங்ஷன் பக்கமே இறங்குவதில்லை என்று உன் அம்மா போனில் அழுதாள். "லீவா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சமாம். கேட்டால், வேலை போய்விட்டது என்று சொல். இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்ல எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன் அப்பா பத்தாம் வகுப்போடு கல்ஃபுக்குப் போனவர். உன் வயசில் கூடப்பிறந்தவளைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக்கு கான்கிரீட்டும் போட்டுவிட்டார். அதை வைத்து உன்னை அளக்காதே. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது நம்ம கன்னியாகுமரி மாவட்டம். ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கை சொல்வது என்ன? 2022-ல் இந்தியாவின் பட்டதாரி இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம்தான். அவர்களுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. காத்திருக்க வீட்டில் சோறு இல்லாததால் கிடைத்த கூலிக்குப் போகிறார்கள். பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியது நீ மட்டுமல்ல. கொரோனா வந்த 2020-ல் அமெரிக்காவிலேயே 18 முதல் 29 வயதுள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் பெற்றோர் வீட்டில்தான் இருந்தார்கள்.

நீ வந்ததில் எனக்கு வருத்தமில்லை, மக்கா. வந்து இருக்கிற இருப்புதான் மனசை அறுக்கிறது. பதினொரு மணிக்கு எழும்புகிறாய். சாயா கட்டிலுக்கு வருகிறது. முட்டுவலியோடு உன் அம்மா கிணற்றடியில் குனிந்து உன் சட்டையைக் கும்முகிறாள். பெங்களூரில் நீயே துவைத்தாய், நீயே பொங்கினாய், மாசம் பிறந்தால் வாடகை கொடுத்தாய். இங்கே நடை ஏறியதும் பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிட்டாயே!

அப்பாவிடம் உட்கார்ந்து பேசு. கையில் எவ்வளவு மிச்சம், படிப்புக் கடன் எவ்வளவு பாக்கி, எத்தனை மாசம் வேலை தேடுவாய், எல்லாவற்றையும் சொல். டிஎன்பிஎஸ்சி எழுதுவதானால் எழுது. எத்தனை தடவை என்பதையும் இப்போதே சொல்லிவிடு. பரீட்சை பரீட்சை என்றே முப்பத்தைந்தைத் தாண்டியவர்களை நான் கண்ணால் பார்க்கிறேன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் சம்பளம் குறைவாகக் கிடைத்தாலும் போ.

விளையில் மட்டி வாழைக்குலை முற்றி நிற்கிறது, வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோக அப்பாவுக்கு ஆளில்லை. நீ இறங்கு. அடுத்த கரண்ட் பில்லை நீ கட்டு. நாளையிலிருந்து உன் துணியை என் தங்கச்சி தொடக் கூடாது.

இப்படிக்கு,
உன் மாமா