நான்கு கட்டம் என்றால் நான்கு பிள்ளை அல்ல

அன்புள்ள மகளுக்கு,

நீலகிரி முகாம் பற்றிய உன் குறிப்பு கிடைத்தது. கணவன், மனைவி இருவருமே அரிவாள் செல் நோயின் கேரியர். தலைப்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது. ‘நாலில் ஒன்றுதான் கணக்கு, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை’ என்று அந்தத் தாய்க்குத் தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தைரியம் சொல்வது நல்ல குணம்தான். தப்பான தைரியம் நர்ஸுக்கு ஆகாது.

பாடப்புத்தகத்துப் பன்னெட் கட்டத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. நான்கு அறை வரைந்து ஒன்றில் மட்டும் கறுப்பு தீட்டினால், பார்க்கிறவர்கள் நான்கு பிள்ளைகள் என்றுதானே நினைப்பார்கள்? அந்த நான்கு அறையும் ஒரே கர்ப்பத்துக்கு உரியவை. அடுத்த கர்ப்பத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து அதே நான்கு அறை. பூவா தலையா போடும் காசுக்குப் போன தடவை விழுந்தது நினைவிருக்குமா? ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம், கூடாது, குறையாது.

நம்பாவிட்டால் பேனாவை எடு. இப்படிப்பட்ட தம்பதிகள் நூறு பேர், ஆளுக்கு நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொள். முக்காலை நான்கு முறை பெருக்கினால் 256இல் 81. அதாவது சுமார் 32 வீடுகளில் ஒரு பிள்ளைக்கும் நோய் இராது. சரியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் வருவது சுமார் 42 வீடுகளில். மீதி 26 வீடுகளில் இரண்டு பிள்ளைகளோ, அதற்கு மேலோ. நீ சொன்ன ‘நாலில் ஒன்று’ பாதி வீடுகளில்கூடப் பலிக்கவில்லை, பார்த்தாயா?

இன்னொன்று. நோயில்லாத தம்பி கேரியராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்றால் உன் வகுப்பே ‘பாதி’ என்கிறது. அவனுக்கு நோயில்லை என்று தெரிந்த பிறகு கறுப்பு அறையை ஏன் எண்ணுகிறீர்கள்? மிஞ்சிய மூன்றில் இரண்டு. கல்யாணப் பேச்சு வரும்போது அவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நோயைப் பற்றி வாசிக்கப் புகுந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சிகாகோவில் பல் மருத்துவம் படிக்க வந்த கிரெனடா தீவு இளைஞர் ஒருவரின் ரத்தத்தில்தான் இந்த வளைந்த அணுக்கள் கண்ணில் பட்டன. 1910இல் கட்டுரை எழுதிப் பெயர் பெற்றவர் ஹெரிக். நுண்ணோக்கியில் முதலில் பார்த்தவரோ அவரிடம் பயிற்சியில் இருந்த அயன்ஸ். பயிற்சியில் இருப்பவர்களின் கண்ணை நான் மதிப்பது அதனால்தான். நீ போன நீலகிரிப் பழங்குடியினரிடம் இதை லேமனும் கட்புஷும் கண்டு எழுதியது 1952இல். முந்நூறு கோடி எழுத்துள்ள மரபுத்தொகுதியில் ஒரே எழுத்து பிசகி, பீட்டா குளோபினின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் உட்கார்ந்துகொண்ட கதையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒரு வேலை. அந்தத் தாய் மறுபடி கருவுறும் முன் போய், சொன்னதைத் திருத்து. அடுத்த குழந்தை பிறந்ததும் கொழுகொழுவென்று இருந்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல். கருவிலிருந்து வந்த ஹீமோகுளோபின் முதல் சில மாதங்கள் நோயை மறைத்து வைக்கும். கணவனையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல். பாரம் அவள் ஒருத்தியுடையது அல்ல.

அன்புடன்,
உன் ஆசிரியர்