பாலும் தோலும்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மார்கழிக் கச்சேரிகள் முடிந்து மூன்று வாரம் ஆகியும் உன் மனம் ஆறவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. சபா கேன்டீனில் உன் இலையைப் பார்த்து ஆளாளுக்கு விசாரித்தது, ஒத்திகைக்குப் போன வீட்டில் காப்பியை மறுத்ததும் அந்தப் பெரியம்மாவின் முகம் வாடியது, கடைசியில், மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது, சுருதி சேர்த்துக்கொண்டிருந்த உன்னிடம் வயலின்காரர் "பால் குடிக்க மாட்டே, மாட்டுத் தோலை மட்டும் தட்டுவியா?" என்று கேட்டது, அறையில் எல்லோரும் சிரித்தது. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், இதை மட்டும் முடியவில்லை, இனி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய்.

நான் மிருதங்கம் வாசிக்கத் தொடங்கி நாற்பது வருடம். பாலை விட்டுப் பதினோரு வருடம். நீ பட்டியலிட்ட கேள்விகளில் என்னிடம் வராதது ஒன்றுகூட இல்லை. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் பிடிக்கும்.

"சத்துக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அக்கறையில்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் ஏறக்குறைய 120 என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போ. கொள்ளு, மொச்சை, வேர்க்கடலை, எள், முருங்கைக்கீரை எல்லாம் நம் பாட்டிகளின் அடுப்படியில் இருந்தவைதானே. ஆனால் ஒரு விஷயத்தில் உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளாதே. வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடைக்காது. அதை உண்டாக்குபவை நுண்ணுயிரிகள். அதனால் மாத்திரை போட்டே ஆக வேண்டும். ஆரம்பத்தில் நான் அலட்சியமாக இருந்தேன். ஒரு நாள் சாப்பு வாசிக்கும்போது விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருந்தது தெரிந்து நடுங்கிப்போனேன். மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே பி12 பற்றித்தான். விரல் நுனியில் பிழைப்பவர்கள் நாம். இந்த ஒரு கேள்வியை யார் எப்படிக் கேட்டாலும் நன்றி சொல்.

"செடிக்கும் உயிர் இருக்கே" என்பவர்கள் ஜகதீஷ் சந்திர போஸின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். போஸ் பெரிய மேதை, செடி தூண்டுதலுக்கு எதிர்வினை காட்டும் என்று கருவி வைத்துக் காட்டியவர். மறுக்க வேண்டியதில்லை. மாடும் செடியைத் தின்றுதான் வளர்கிறது, செடிக்கு இரங்கினாலும் மாடு வழியாகச் சாப்பிடாமல் நேராகச் சாப்பிடுவதுதான் குறைந்த சேதம் என்று ஒரு தடவை சொல். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அவர் பதில் தேடி வரவில்லை. நீ சுருதி சேர்க்கப் போகலாம்.

அந்தப் பெரியம்மா விஷயம் அப்படி இல்லை. என்னை அதிகம் வருத்தியது அதுதான். நம் வீடுகளில் டவராவை நீட்டுவது பேச்சின் தொடக்கம். அதை வேண்டாம் என்றால் தன்னையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி அவர்களுக்கு ஆகிவிடுகிறது. நீ "நான் வீகன்" என்று விளக்கினாயாம். அந்தச் சொல் அவர் காதில் ஒரு நோயின் பெயர் மாதிரி விழுந்திருக்கும். இனிமேல் அவர் கொண்டுவரும்வரை காத்திருக்காதே. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பெரியம்மா, தொண்டை கரகரன்னு இருக்கு, கருப்பட்டி போட்டு ஒரு சுக்குக் காப்பி கிடைக்குமா?" என்று கேட்டுவிடு. கேட்டு வாங்கிக் குடிக்கிற பிள்ளையை எந்த வீட்டிலும் வெறுக்க மாட்டார்கள். நான் இப்படித்தான் செய்கிறேன். ஒரு வீட்டுக்கு நாலாவது தடவை போனபோது எனக்கென்று தனியாகத் தேங்காய்ப்பால் எடுத்து வைத்திருந்தார்கள். நான் யாருக்கும் எதையும் விளக்கியிருக்கவில்லை. பிரசாதமும் அப்படியே. நெய் வழியும் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். அர்ச்சகரிடம் வழக்காட வேண்டாம். கேன்டீனில் மட்டும் வெட்கப்படாமல் கேள். பொங்கலில் நெய் உண்டு, அவியலில் தயிர் உண்டு, ரவா தோசை மாவில் சில இடங்களில் மோர் சேர்ப்பார்கள். பரிமாறுபவருக்கு அது தெரியாமலிருக்கலாம். சமையல்காரரையே கேட்டால் சொல்லிவிடுவார்.

இன்னொரு வகைப் பேச்சை நீ தொல்லை என்று எழுதவில்லை. பாராட்டு என்று நினைத்து விட்டுவிட்டாய். "பரவாயில்லையே, எங்களைவிட ஆசாரமா இருக்கியே" என்று ஒருவர் மெச்சினாராம். மகளே, கிண்டலைவிட இந்த மெச்சலுக்குத்தான் நீ அதிகம் பயப்பட வேண்டும். நம் ஊரில் 'சைவம்' என்பது தட்டில் இருப்பதை மட்டும் குறிக்கிற சொல்லாக என்றுமே இருந்ததில்லை. 'சைவர்களுக்கு மட்டும்' என்று வாடகை வீட்டின் வாசலில் தொங்கும் பலகைக்குப் பின்னால் எது இருக்கிறது என்று உனக்கும் தெரியும். நீ பாலை விட்டது பசுவுக்காகவும் கன்றுக்காகவும். சுத்தத்துக்காக விடவில்லை. உன் இரக்கத்தை அந்தக் கதவுக்குப் பூட்டாக்க யாரையும் விடாதே. மீன் குழம்போடு சாப்பிடும் உன் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிடு. வள்ளலார் உயிர்க்கொலையை எவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மனிதர்தான் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கி, வருகிறவரின் சாதி கேட்காமல் சோறு போட வைத்தார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. மாட்டின் மேல் இரக்கம் காட்டிவிட்டு மனிதரை வாசலிலேயே நிறுத்துகிறவருக்கு வடலூரில் இடமில்லை.

ஆசாரம் என்று மெச்சினவரிடம் ஒன்று சொல்லிவிடு: "இல்லீங்க, உங்க தட்டுல இருக்கிற நெய்யையும் சேர்த்துத்தான் நான் வேண்டாம்னு சொல்றேன்." மரியாதையாகச் சொல். ஆனால் சொல்லாமல் விடாதே.

இனி தோல்.

வயலின்காரர் வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். நீ அதைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காமல் இருந்தாய், அது நல்லதுதான். கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார், நீயும் சிரித்திருப்பாய், கேள்வி அங்கேயே செத்திருக்கும். அந்தக் கேள்வி சாகக் கூடாது. கேட்டவரின் எண்ணம் எதுவாக இருந்தாலும், கேட்டது உண்மை.

என்னிடம் அதை முதலில் கேட்டவர் மிருதங்கம் செய்கிறவர். பாலை விட்ட அடுத்த வருடம். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலைக்குப் புதுத் தோல் மூட்டு போட வந்திருந்தார். என் மனைவி அவருக்குக் காப்பியும் எனக்குக் கடுங்காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். ஏன் என்று கேட்டார், சொன்னேன். வாரை இழுத்துக்கொண்டே சொன்னார்: "நல்லதுண்ணே. பாலை விட்டுட்டீங்க. தோலை எப்ப விடுவீங்க?" கிண்டலே இல்லை. பிறகு, தோல் தேடி அறுப்புக்கூடங்களுக்குப் போவதையும், கையில் எடுத்ததுமே அது எப்படிப்பட்ட தோல் என்று விரல் சொல்லிவிடுவதையும், ஊறவைத்து மயிர் வழிக்கும் நாட்களில் வீட்டில் நிற்கும் நாற்றத்தையும் சொன்னார். "நீங்க தோல் மேல கையை வைக்கறீங்க. நாங்க மூக்கையே வெச்சிருக்கோம்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் கையில் இருப்பது ஒரு விலங்கின் தோல் இல்லை, மூன்று விலங்குகளுடையது. பசு, ஆடு, எருமை. வலந்தலையிலும் இடது முகமான தொப்பியிலும் அடுக்கடுக்காக இருப்பவை, பலாக்கட்டையைச் சுற்றி இழுத்துக் கட்டும் வார் என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் பார். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். மேடையில் நாம் சைவம், நம் நாதத்துக்கான சாவும் நாற்றமும் இன்னொருவர் வீட்டில். பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தில் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போய் எழுதினார். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரைத் தெரிந்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு அவருடைய மிருதங்கங்களைச் செய்த பர்லாந்தைத் தெரியும்? உன்னைப் பார்த்துச் சிரித்த அந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாலும் தோலும் வேறு வேறு என்று நினைக்காதே. பால் வற்றிய மாடு சந்தைக்குப் போகிறது. காளைக்கன்று அதற்கு முன்பே போய்விடுகிறது. எங்கள் தெருவில் அந்த நாளில் வீடு வீடாக மாட்டை ஓட்டி வந்து கறந்து கொடுத்தவரின் கக்கத்தில் வைக்கோல் திணித்த கன்றுத்தோல் ஒன்று இருக்கும். அதைப் பசுவின் முன்னால் நிறுத்துவார். பசு அதை நக்கும். மடி சுரக்கும். அந்தப் பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் விடியற்காலையில் நான் சாதகத்துக்கு உட்கார்ந்தேன். எத்தனையோ வருடம் கழித்துத்தான், பசு நக்கிய தோலையும் நான் தட்டிய தோலையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தேன்.

அப்படியானால் வாசிப்பை விட்டுவிடுவதா? நான் விடவில்லை. விடச் சொல்லி உன்னையும் கேட்க மாட்டேன். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் 'வீகன்' என்ற சொல்லோடு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் பின்னால் வகுத்த வரையறையில், நடைமுறையில் முடிந்தவரை என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. அந்த 'முடிந்தவரை'யை நான் வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து வைத்து அளந்து பார்க்கிறேன். போன வருடம் முடியாதது இந்த வருடம் முடிகிறதா என்று.

பெங்களூரில் வாய்ப்பாட்டுக் கலைஞரும் பொறியாளருமான கே. வரதரங்கன் செயற்கை மிருதங்கம் உருவாக்கியிருக்கிறார். பலாக்கட்டைக்குப் பதில் ஃபைபர் கிளாஸ், தோலுக்குப் பதில் பாலியெஸ்டர் படலம், வாருக்குப் பதில் திருகாணி. என் வீட்டில் ஒன்று இருக்கிறது. சாதகம் முழுக்க அதில்தான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் அதில்தான் பாடம். உள்ளதைச் சொல்கிறேன், மீட்டும் சாப்பும் எனக்குத் திருப்தி, தொப்பியில் கும்கி இழுக்கும்போது என் காது இன்னும் தோலைத் தேடுகிறது. கச்சேரிக்குத் தோல் மிருதங்கத்தைத்தான் எடுத்துப் போகிறேன். நாளெல்லாம் அடி வாங்காததால் மூட்டு மாற்றுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இதுதான் இப்போதைக்கு என் கணக்கு. சரியான கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

தோல் இல்லாமல் நாதமே கிடையாது என்று மூத்தவர்கள் அடித்துச் சொன்னால் சி. வி. ராமனை நினைத்துக்கொள். 1920-லேயே நம் தாளவாத்தியங்களைப் பற்றி எழுதியவர் அவர். சாதாரணத் தோற்கருவியில் அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். நம்முடையதில் அவை சுருதியோடு இசைந்து வருகின்றன. அதற்குக் காரணம் வலந்தலையின் நடுவில் கனமாகவும் ஓரம் போகப்போக மெலிதாகவும் பூசிய கருப்புச் சோறு. கல்பொடியும் வடித்த சோறும் குழைத்த அந்தப் பூச்சைக் கண்டுபிடித்தது மனிதக் கை. அதே கையால் பசுத்தோல் இல்லாத ஒரு வலந்தலையையும் ஒரு நாள் முழுதாகச் செய்ய முடியும் என்று நான் மனதார நம்புகிறேன். அந்த ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் மிருதங்கம் செய்கிறவரும் உட்கார்ந்திருக்க வேண்டும், சம்பளத்தோடு, பெயரோடு. தலைமுறை தலைமுறையாக நாற்றத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, நாற்றம் போகும் நாளில் பிழைப்பையும் பிடுங்கிக்கொண்டால் அதைக் கருணை என்று எப்படிச் சொல்வது?

உன் கடிதத்தின் கடைசியில் கடத்துக்கு மாறிவிடலாமா என்று பென்சிலால் எழுதி அடித்திருந்தாய். மாறினால் தப்பே இல்லை. கடம் செய்யும் மானாமதுரை மண்ணில் யாருடைய தோலும் இல்லை. மோர்சிங் இரும்பு, கொன்னக்கோல் உன் நாக்கு. மூன்றும் உயர்ந்த வித்தை. ஆனால் ஒரு வயலின்காரரின் சிரிப்புக்குப் பயந்து மாறாதே. மாறுவதானால் உன் கை கேட்டு மாறு.

அவர் மறுபடி கேட்டால், "ஆமாம் சார், தட்டுகிறேன். அது எனக்கும் வலிக்கிறது. குறைத்துக்கொண்டு வருகிறேன்" என்று சொல். இந்தப் பதிலைச் சொன்ன இடங்களில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவை மூத்த பாடகர் ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பட்டு வேட்டியின் கரையைத் தடவியபடி, எத்தனை பட்டுப்புழு என்று என்னிடம் கேட்டார். நான் கணக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் மேடையேறினோம். அன்றைக்குத் தனி ஆவர்த்தனம் எனக்கு நிறைவாக அமைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மிருதங்கம் செய்கிறவர் இங்கே வருகிறார். செயற்கை மிருதங்கத்தின் தொப்பியில் தன் கைப்பக்குவத்தில் ஏதோ ஒரு பசை பூசிப் பார்க்க வேண்டுமாம், மூன்று மாதமாக அவர் மூளையில் அதுதான் ஓடுகிறது. நீயும் வா. காலைக்கு உளுந்தங்கஞ்சி, தேங்காய்ப்பால் விட்டது. உன் வலந்தலையில் சோறு பெயர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, மிருதங்கத்தையும் எடுத்துவந்து அவரிடமே காட்டிவிடு.

அன்புடன்,
உன் மாமா